முதலில் கம்பியைப் பார், பிறகு பாய் வாங்கலாம்

அன்பு மகளுக்கு,

நீ பாய்மரப் படகு வாங்கிவிட்டேன் என்று சொன்ன அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. எங்கள் வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்த கதையைச் சொல்லிச் சொல்லித்தான் உன்னை வளர்த்தேன், ஆனால் சிட்னியில் நீயே ஒருநாள் பாய் விரிப்பாய் என்று நினைக்கவில்லை. சந்தோசமும் இருக்கிறது, பயமும் இருக்கிறது.

புதுப் பாய்க்கு விலை கேட்டிருக்கிறாய் என்றாய். கொஞ்சம் பொறு. 17 வயதுப் படகில் எனக்குக் கவலை பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள்தான். பத்துப் பதினைந்து வருடத்தில் அவற்றை மாற்றிவிடுவதுதான் வழக்கம். துருப்பிடிக்காத உருக்கு என்றாலும், கம்பி முனையை நெரித்துப் பிடித்திருக்கும் குழாய்க்குள் உப்புத் தண்ணீர் இறங்கி உள்ளிருந்தே தின்னும், வெளியே பளபளவென்று இருக்கும். அந்தக் குழாயில் மயிரிழை அளவு வெடிப்பு இருக்கிறதா என்று வெயிலில் வைத்துப் பார். பிறகு ஒரு துண்டுப் பஞ்சைக் கம்பியைச் சுற்றிப் பிடித்து மெல்ல இழுத்துக்கொண்டு வா. பஞ்சு சிக்கினால் அங்கே ஓர் இழை அறுந்திருக்கிறது, அந்தக் கம்பியை மாற்றத்தான் வேண்டும். வெறுங்கையால் தடவாதே பிள்ளை, அறுந்த இழை ஊசி மாதிரி ஏறும்.

பாயில் முதலில் போவது துணி இல்லை, தையல். வெயில் நூலைத்தான் முதலில் கொல்லும். பெருவிரல் நகத்தால் நூலை நன்றாகச் சுரண்டிப் பார், பொலபொலவென்று அறுந்தால் பாய் முழுவதையும் திரும்பத் தைக்கக் கொடு. துணி உறுதியாக இருந்தால் அதே போதும். காற்றில் படபடவென்று அடிக்க விட்டு நிற்காதே, பாய் கெதியாகப் பழுதாவது அதனால்தான்.

அப்புறம் கயிறு. பாயை ஏற்றும் ஆஞ்சானுக்கு இழுபடாத பொலியெஸ்டர், நங்கூரத்துக்கு இழுபட்டு அதிர்ச்சியை வாங்கும் நைலோன். இதை மாற்றிப் போட்டுவிடாதே.

எனக்குப் பதினெட்டு வயதில், சோழகக் காற்று நேரம், உன் அப்பப்பாவின் வத்தையில் ஆஞ்சான் அறுந்து, பாயைக் கட்டியிருக்கும் மரமான பருமல் அவருடைய தோளில் விழுந்தது. கயிறு முழுக்கப் புதுசு மாதிரி இருந்தது, கப்பியில் படும் ஒரு சாண் நீளம் மட்டும் தும்பாகத் தேய்ந்திருந்தது. அன்று காலை அதைப் பார்க்க வேண்டியவன் நான். கடைசி வரை அவர் அந்தக் கையைத் தலைக்கு மேலே தூக்கவில்லை, என்னை ஒரு வார்த்தை ஏசவும் இல்லை.

அதனால் வருடத்துக்கு ஒருமுறை ஆஞ்சான் நுனியில் ஒரு முழம் வெட்டிவிடு, தேய்கிற இடம் மாறும். மிச்ச நீளம் இருக்கும்படி வாங்கிக்கொள்.

இந்தச் சனிக்கிழமை கம்பி முனைகள் எல்லாவற்றையும் கிட்டவாகப் படம் எடுத்து அனுப்பு. அம்மாவின் தையல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். அதுவரை துறையை விட்டுப் போகாதே.

அப்பா