அட்டையில் ஒட்டியதைப் பிய்க்காதீர்கள்: எங்கள் ஊர் அஞ்சலகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அஞ்சலகப் பொறுப்பாளர் அவர்களுக்கும், அவருக்கு மேல்நிலையில் இருந்து இதைப் படிக்க நேரும் அதிகாரிகளுக்கும், வணக்கம்.

ராமநாதபுரம் கடற்கரையில் எங்கள் ஊர் எது, அஞ்சலகம் எது என்று நான் இங்கே எழுதவில்லை. இதே விஷயமாக மூன்று முறை உங்கள் முன்னால் வந்து நின்றிருக்கிறேன். என்னையும் என்னிடம் சனிக்கிழமைகளில் படம் ஒட்டக் கற்கும் பிள்ளைகளையும் நீங்கள் நன்கு அறிவீர்கள். ஆகவே நேராக, சென்ற வாரம் உங்கள் கவுண்டரில் நடந்ததற்கு வருகிறேன்.

எட்டாம் வகுப்பில் படிக்கும் ஒரு மீனவர் வீட்டுப் பெண், மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாட்களில் தகப்பனார் வீட்டோடு இருந்ததால் அவரையும் கூட வைத்துக்கொண்டு, ஐம்பது பைசா அஞ்சல் அட்டை ஒன்றில் ஓர் ஒட்டுச்சித்திரம் செய்திருந்தாள். பழைய சிவகாசிக் காலண்டரில் முருகனுக்குப் பின்னால் விரிந்திருந்த மயில்தோகை அதில் கப்பலின் பாயாகியிருந்தது. பாய்க்குக் கீழே தீப்பெட்டி லேபிளில் வெட்டிய கப்பல். கப்பலில் கட்சிச் சுவரொட்டியிலிருந்து எடுத்த எம்.ஜி.ஆர். முகம், அந்த முகத்துக்கு, ஜவுளிக்கடை விளம்பரத்தின் சிவப்புக் கரையை வெட்டி, தன் அப்பா கடலுக்குப் போகும்போது கட்டுகிற மாதிரியே ஒரு தலைத்துண்டு. தூத்துக்குடியில் இருக்கும் ஒரு மாணவி அதைப் பெற்று, தன் பங்குக்கு ஏதேனும் ஒட்டி, உறையிலிட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு.

கவுண்டரில் இருந்த ஊழியர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது தபாலா, டீக்கடைச் சுவரா?” என்று கேட்டுக்கொண்டே நகத்தைக் கொடுத்து ஓரத்தை நெம்பினார். சுவரொட்டி ஒட்டுபவர்கள் செய்வதைப் போல மைதாவில் மயில்துத்தம் கலந்து காய்ச்சிய பசை அது, அவ்வளவு எளிதில் விடாது. மூக்கும் மீசையும் அவர் நகத்தோடு வந்தன. கண்களும் தலைத்துண்டும் அட்டையிலேயே நின்றுவிட்டன. நடுவே வெள்ளையாக ஒரு கீறல். அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசவில்லை. மேஜையில் விழுந்த காகிதத் துணுக்கை எடுத்து, ஜாமென்ட்ரி பாக்ஸைத் திறந்து, காம்பஸுக்குப் பக்கத்தில் வைத்து மூடினாள்.

சினிமாக்காரர் முகத்தைத் தபாலில் ஒட்டுவது நாங்கள் கண்டுபிடித்த குறும்பு அல்ல. 1950களிலேயே அமெரிக்காவில் ரே ஜான்சன் என்ற ஓவியர் எல்விஸ் பிரெஸ்லி, ஜேம்ஸ் டீன் ஆகியோரின் படங்களை வைத்து ஒட்டுச்சித்திரங்கள் செய்தார். பிறகு, இதில் சேர்த்துத் திருப்பி அனுப்புங்கள் என்று எழுதி நண்பர்களுக்குத் தபாலில் அனுப்புவதையே ஒரு கலையாக்கினார். அவ்வளவு தூரம் போவானேன்? எம்.ஜி.ஆருக்கும் சிவாஜிக்கும் உங்கள் துறையே தபால்தலை வெளியிட்டிருக்கிறது. துறை ஒட்டினால் அது மரியாதை, எங்கள் பிள்ளை ஒட்டினால் அது டீக்கடைச் சுவர் என்பது எந்த ஊர் நியாயம் என்று எனக்குப் புரியவில்லை.

முகவரிக்கான இடத்தை மறைத்திருந்தால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்கிறோம். காகிதம் தூக்கிக்கொண்டு நின்றிருந்தால் எங்கள் பிழை. கட்டணம் போதாது என்றால் மீதியைக் கட்டுகிறோம். எந்த விதிப்படி ஏற்க முடியாது என்பதை எழுதி, அட்டையை முழுதாகத் திருப்பித் தாருங்கள். ஆனால் ஒட்டியதைப் பிய்க்காதீர்கள். நாங்கள் கேட்பது இவ்வளவே.

கடற்கரைச் சாலைப் பெட்டியில் தபால் எடுக்கும் நேரம் என்று வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருக்கிறதே, அந்த நேரத்துக்கு அங்கே பல்லியைத் தவிர வேறு யாரையும் நான் கண்டதில்லை. யாரும் கடிதம் எழுதுவதில்லை என்று நீங்கள் அலுத்துக்கொள்கிறீர்கள். பதிவுத் தபாலையும் 2025 செப்டம்பர் 1 முதல் விரைவுத் தபாலோடு சேர்த்தாயிற்று. மிச்சமிருக்கும் ஐம்பது பைசா அட்டையைத் தேடி வந்து, வரிசையில் நின்று வாங்குகிற ஒரே கூட்டம் இந்தப் பிள்ளைகள்தான் என்று நினைக்கிறேன். அவர்களையும் விரட்டிவிட்டால் உங்கள் கவுண்டர் நிம்மதியாகத் தூங்கலாம். இதைக் கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். போட் மெயில் ரயிலில் வந்த தபால் தனுஷ்கோடியில் கப்பலேறி இலங்கையின் தலைமன்னாருக்குப் போன கரை இது. 1964 புயல் விட்டுவைத்த தபால் நிலையச் சுவர்களை அங்கே போகிறவர்கள் இன்றும் நின்று பார்க்கிறார்கள். அப்படிப்பட்ட கரையில் தபாலை நகத்தால் கிள்ளிப் பார்க்கிறார்களே என்கிற ஆதங்கம்தான்.

அந்தப் பெண் அட்டையைத் தூக்கிப் போடவில்லை. வெள்ளைக் கீறலின் மேல் ஜாமென்ட்ரி பாக்ஸில் இருந்த துணுக்கைத் திரும்ப ஒட்டியிருக்கிறாள். சற்றே கோணலாக உட்கார்ந்திருக்கிறது, அதைச் சரிசெய்ய வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். வருகிற திங்கட்கிழமை காலை அதை எடுத்துக்கொண்டு அவளும் அவள் அப்பாவும் வருவார்கள், நானும் உடன் வருவேன். தயவுசெய்து அதைப் பிய்க்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரையை எம்.ஜி.ஆர். முகத்தின் மேலேயே குத்தினாலும் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. அதுவும் படத்தில் சேர்ந்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர்