கவிழ்த்துப் பார்க்கிற ஊர்

ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட்,
ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் எழுதுவது. இங்கே நான் நலம். நீங்களும் அம்மாவும் தம்பியும் நலமா?

போன வாரம் போனில், "பழைய தட்டுக்கா இவ்வளவு காசு?" என்று கேட்டீர்கள். நைட் டியூட்டிக்குக் கிளம்புகிற அவசரத்தில் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. போனில் சொல்லிப் புரியவைக்கிற விஷயமும் இல்லை. இன்றைக்கு லீவு, அதனால் நிதானமாக எழுதுகிறேன். கண் வலித்தால் தம்பியை வாசிக்கச் சொல்லுங்கள்.

நான் நர்ஸ் வேலைக்கு வந்த ஊர் ஒரு குயவர் ஊர் என்று இறங்கிய அன்று எனக்குத் தெரியாது. பர்ஸ்லம், ஹான்லி, லாங்டன் என்று ஆறு சிறு நகரங்கள் சேர்ந்ததுதான் ஸ்டோக். ஆறிலும் மண் வேலைதான். இங்கிலாந்துக்காரர்கள் இந்த வட்டாரத்தையே 'பாட்டரீஸ்' என்றுதான் சொல்கிறார்கள். தரைக்கு அடியில் நிலக்கரியும் களிமண்ணும் இருந்ததால் இங்கே சூளை பெருகியது. பீங்கானுக்கு வேண்டிய வெள்ளை மண் மட்டும் தெற்கே கார்ன்வால் கடற்கரையிலிருந்து படகில் வந்தது. அதற்காகவும்தான் குயவர்கள் முன்னின்று ஒரு கால்வாய் வெட்ட வைத்தார்கள், 1777இல் வெட்டி முடிந்தது. நம் கண்மாய் மண் மாட்டு வண்டியில் வருவதை நினைத்துக்கொண்டேன்.

சூளையைப் பார்த்தால் அசந்துபோவீர்கள். அடி பருத்து, மேலே கழுத்து சிறுத்து, வீட்டை விடப் பெரிய செங்கல் பாட்டில் மாதிரி நிற்கும். ஒரு காலத்தில் 2,000க்கும் மேல் இருந்ததாம். 1956இல் புகைக்கு எதிராகச் சட்டம் வந்தது. கரிச்சூளைகள் அணைந்து, இப்போது ஐம்பதுக்கும் குறைவாகத்தான் நிற்கின்றன. லாங்டனில் ஒன்றை மியூசியமாக வைத்திருக்கிறார்கள். உள்ளே போய் நின்றேன். தீ நேராகப் படாமல் இருக்க, ஒவ்வொரு பாத்திரத்தையும் தடித்த மண் பெட்டிக்குள் வைத்து, பெட்டி மேல் பெட்டியாகக் கூரை வரை அடுக்குவார்களாம். சுவரில் இன்னும் கரி இருக்கிறது. தொட்டு மோந்து பார்த்தேன் அப்பா, நம் சூளை வாசம் இல்லை. நம்முடையது வைக்கோல் வாசம்.

சரி, தட்டு விஷயத்துக்கு வருகிறேன். இங்கே ஞாயிறு காலையில் ஒரு மைதானத்தில் காரை நிறுத்தி, டிக்கியைத் திறந்து, வீட்டில் வேண்டாத சாமான்களை விற்பார்கள். அப்படி ஒரு பாட்டியிடம் ஒரு கோப்பை, சாஸர், சின்னத் தட்டு மூன்றும் சேர்த்து வாங்கினேன். இங்கே அதை 'ட்ரையோ' என்கிறார்கள். கோப்பை ஆறு இதழ் வைத்த பூ மாதிரி இருக்கும். வாங்குவதற்கு முன்னால், என்னையறியாமல் விரலை மடக்கித் தட்டிவிட்டேன், சந்தையில் நீங்கள் பானையைத் தட்டிக் காட்டுவீர்களே, அதே மாதிரி. கணீரென்றது. பாட்டி நிமிர்ந்து என்னைப் பார்த்து, "உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டார். என் அப்பா மானாமதுரையில் மண்பாண்டம் செய்கிறவர் என்றேன். பிறகு அரை மணி நேரம் என்னை விடவேயில்லை. அவருடைய அம்மா லாங்டனில் பூ எழுதுகிற பட்டறையில் வேலை பார்த்தவராம்.

அவர்தான் கோப்பையைக் கவிழ்த்துக் காட்டினார். அடியில் பச்சை நிறத்தில் ஒரு கேடயம், அதற்குள் ஷெல்லி என்ற பெயர். லாங்டனில் இருந்த பட்டறை அது, 1966இல் மூடிவிட்டார்கள். இந்த இதழ் வடிவம் 1896இல் வந்ததாம். முத்திரைக்குப் பக்கத்தில் பூ எழுதிய பெண்கள் தூரிகையால் ஒரு புள்ளியோ கோடோ எண்ணோ வைப்பது உண்டு. உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி, அதனால் கணக்குக்காக வைத்த அடையாளம். என் சாஸரிலும் சிவப்பில் சின்னதாக ஒரு கொக்கி இருக்கிறது. எந்தப் பெண் வைத்தாளோ! அதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று எனக்கே தெரியாது.

அன்றிலிருந்து எதைப் பார்த்தாலும் கவிழ்க்கிறேன். இந்த ஊர்க்காரர்கள் ஹோட்டலில் சாப்பிட உட்கார்ந்தாலும் முதலில் தட்டைத் திருப்பித்தான் பார்ப்பார்கள், எனக்கும் அது ஒட்டிக்கொண்டது. அடியில் ஒரு கதையே இருக்கிறது அப்பா. 1842 முதல் 1883 வரை பதிவு செய்த வடிவங்களில் ஒரு வைர வடிவக் குறி இருக்கும். அதன் மூலைகளில் உள்ள எழுத்தைப் படிக்கத் தெரிந்தால், எந்த நாளில் பதிவு செய்தார்கள் என்றே சொல்லிவிடலாம். 'இங்கிலாந்து' என்று நாட்டின் பெயர் இருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிந்தியது. அமெரிக்கா போட்ட சட்டத்தால் வந்த வழக்கம் அது.

ஒரு தடவை ஏமாந்தும் போனேன். செல்சீ என்று லண்டனில் ஒரு பழைய பட்டறை, அதன் அடையாளம் நங்கூரம். 1750களின் தொடக்கத்தில் சிவப்பு நங்கூரம், பிறகு தங்க நங்கூரம். போனில் ஒருவரிடம் தங்க நங்கூரம் போட்ட தட்டு ஒன்றை அறுபது பவுண்டு கொடுத்து வாங்கினேன். வந்து பார்த்தால் நங்கூரம் கட்டைவிரல் நகம் அளவுக்கு இருக்கிறது. அசலில் அது பொடிசாக, தேடிப் பார்த்தால்தான் தெரியும். பிரான்ஸ் பக்கம் பிற்காலத்தில் செய்த நகல் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். மூன்று நாள் மனசு ஆறவில்லை. இப்போதெல்லாம் கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்குவதில்லை. மண்ணைத் தொடாமல் விலை பேசாதே என்று நீங்கள் சொல்வதுதான்.

அப்புறம் அம்மாவிடம் மெதுவாகச் சொல்ல வேண்டிய ஒன்று. இந்த ஊர்ப் பீங்கானில் ஏறக்குறைய பாதி மாட்டு எலும்புச் சாம்பல். எலும்பைச் சுட்டு, பொடித்து, வெள்ளை மண்ணோடும் கார்ன்வால் கல்லோடும் குழைப்பார்கள். 1790களில் இந்த ஊரில் ஸ்போட் பட்டறையில் அளவு சரியாகப் பிடிபட்டது. அந்தச் சாம்பலால்தான் இந்த வெள்ளையும் இந்த உறுதியும். விளக்குக்கு நேரே பிடித்தால், கோப்பைக்குப் பின்னால் இருக்கும் என் விரல் நிழலாகத் தெரிகிறது. அந்த அளவு பிடிபடுவதற்கு முன்னால் இங்கே செய்த பீங்கான் பல, கொதிக்கிற தண்ணீர் பட்டதும் விரிசல் விட்டுவிடுமாம். அம்மா சாமி அறைப் பக்கமே கொண்டுவர விடமாட்டார். அது நியாயம்தான், நான் தனி அலமாரியில் வைத்துக்கொள்கிறேன்.

உங்களுக்கு மட்டும் இன்னொன்று. அந்தக் காலத்தில் இங்கே பல பட்டறைகளில், செய்ததற்கெல்லாம் கூலி கிடையாது. சூளையிலிருந்து நல்லபடியாக வெளியே வந்ததற்குத்தான் கூலி. அடுக்கியவன் தப்பு, தீ போட்டவன் தப்பு எதுவானாலும் செய்தவன் தலையில்தான் விழும். மேல்பூச்சில் இருந்த ஈயம், பாத்திரத்தை அதில் தோய்க்கிறவர்கள் உடம்பில் ஏறியது. கல் தூசி நெஞ்சில் போய் அடைத்தது. இதைப் படித்த அன்று, நீங்கள் சூளை மூடிய ராத்திரி மழை பெய்து எல்லாம் பாழானதும், மறுநாள் ஒன்றும் பேசாமல் ஓட்டுச் சில்லைப் பொறுக்கியதும் ஞாபகம் வந்தது. இந்தக் கோப்பைகளை நான் அழகுக்காக மட்டும் வாங்கவில்லை. அந்தக் கூலிக்கு, அந்தத் தூசிக்குள் உட்கார்ந்து, ஒருத்தி இவ்வளவு பொறுமையாக ஒரு பூ எழுதியிருக்கிறாள். அதைக் குப்பைக்குப் போக விடக் கூடாது என்று தோன்றுகிறது.

அய்யனாருக்கு நீங்கள் செய்யும் குதிரைகளை மரத்தடியில் மழைக்கும் வெயிலுக்கும் விட்டுவிடுவோம். உடைந்தால் மண்ணோடு மண், மறுபடி புதிதாகச் செய்வோம். இவர்கள் கண்ணாடிக்குள் பூட்டி வைக்கிறார்கள். நம் வழியும் எனக்குப் பிடித்ததுதான். ஆனால் நாற்பது வருஷமாக நீங்கள் செய்த பானைகளில் ஒன்றிலாவது உங்கள் பெயர் உண்டா அப்பா? யார் வீட்டு அடுப்பில் எது இருக்கிறதென்று நமக்கே தெரியாது.

தை மாதம் ஊருக்கு வருகிறேன். அந்த ஷெல்லி கோப்பையைத் துணியில் சுற்றிக் கைப்பையிலேயே கொண்டுவருவேன், நீங்கள் தட்டிப் பார்க்க. அதற்குள் எனக்காக ஒரு சின்னக் கலயம் செய்து வையுங்கள். காய்வதற்கு முன்னால் அடியில் உங்கள் பெயரையும் ஊரையும் எழுதிவிடுங்கள். ஈர்க்குச்சியால் கீறினால் போதும்.

அம்மாவுக்குக் காலில் வீக்கம் என்று தம்பி சொன்னான். உப்பைக் குறைக்கச் சொல்லுங்கள், டாக்டரிடம் காட்டுவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் மகள்