கத்தி படுமுன் மூன்று நிமிடம் கொடுங்கள்

மலேசியச் சுகாதார அமைச்சுக்கும், மாவட்ட மருத்துவமனைகளில் அறுவை அறைகளை நடத்தும் டாக்டர்களுக்கும் வணக்கம்.

அறுவை அறைத் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வசிப்பது சுங்கை சிப்புட்டில். நான் கேட்பது இதுதான்: அறுவைக்கு முன் தோலில் எந்தக் கிருமிநாசினியைத் தடவுவது, எப்படித் தடவுவது என்பதைக் கைப்பழக்கத்துக்கு விட்டுவிடாதீர்கள். பெரிய நகரத்து மருத்துவமனையில் கிடைக்கும் அதே கவனம் தோட்டத்து மக்களுக்கும் கிடைக்கட்டும்.

இந்தக் கிருமிநாசினிகளில் அயோடின் நல்லதா, குளோர்ஹெக்சிடின் நல்லதா என்று டாக்டர்கள் வாதிடுவதைக் காலமெல்லாம் கேட்டிருக்கிறேன். 2010இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஸ்பிரிட் (ஆல்கஹால்) கலந்த குளோர்ஹெக்சிடின் தடவியவர்களில் 9.5 விழுக்காட்டினருக்குப் புண்ணில் தொற்று வந்தது. தண்ணீரில் கரைத்த அயோடின் தடவியவர்களில் 16.1 விழுக்காட்டினருக்கு. குளோர்ஹெக்சிடின் ஜெயித்துவிட்டது என்று பலரும் முடிவு கட்டினார்கள். ஆனால் ஒரு பக்கம் ஸ்பிரிட் இருந்தது, மறுபக்கம் இல்லை. ஜெயித்தது ஸ்பிரிட்டா, குளோர்ஹெக்சிடினா? இரண்டையும் ஸ்பிரிட்டில் கலந்து ஒப்பிட்டபோது கதை மாறியது. சிசேரியனில் குளோர்ஹெக்சிடினே மேல்: 2016இல் வந்த ஆய்வில் தொற்று 4 விழுக்காடு, அயோடினுக்கு 7.3. இதய, வயிற்று அறுவைகளில் 2024இல் பார்த்தபோது அயோடின் சளைக்கவில்லை. அதே ஆண்டு எலும்பு முறிவு நோயாளிகளிடம் நடந்த பெரிய ஆய்வில், தோல் கிழியாத முறிவுகளுக்கு ஸ்பிரிட்டில் கரைத்த ஒருவகை அயோடினே தொற்றைக் குறைத்தது: 2.4 விழுக்காடு, குளோர்ஹெக்சிடினுக்கு 3.3.

உலகச் சுகாதார நிறுவனம் 2016இலேயே ஸ்பிரிட் கலந்த குளோர்ஹெக்சிடினைப் பரிந்துரைத்துவிட்டது. நான் அதை மறுக்கவில்லை. பிள்ளைப்பேறு அறுவைக்கு அது. செம்பனைத் தோட்டச் சாலையில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, தோல் கிழியாமல் காலை உடைத்துக்கொண்டு வருபவனுக்கு அயோடினும் ஸ்பிரிட்டும் கலந்தது. இரண்டும் அலமாரியில் இருக்க வேண்டும் என்கிறேன். கண், நடுக்காது, மூளை உறை ஆகியவற்றின் பக்கம் குளோர்ஹெக்சிடின் போகக்கூடாது. பிறப்புறுப்பின் உள்பகுதிக்கு ஸ்பிரிட் ஆகாது. அங்கெல்லாம் தண்ணீரில் கரைத்த அயோடினுக்கு வேலை இருக்கிறது. அந்தப் பழுப்புப் புட்டியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை.

புட்டியை மாற்றினால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. குறைந்த, நடுத்தர வருமானமுள்ள ஏழு நாடுகளில் 5,788 நோயாளிகளிடம் நடந்து 2021இல் வெளியான வயிற்று அறுவை ஆய்வில், ஸ்பிரிட் கலந்த குளோர்ஹெக்சிடினுக்கும் தண்ணீர் அயோடினுக்கும் வேறுபாடே தெரியவில்லை. அதனால்தான் தடவும் முறையைப் பற்றி இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

மருந்து நனைத்த பஞ்சால் வெட்டும் இடத்தில் தொடங்கி வெளிப்பக்கமாகத் தடவுவோம். தொப்புளிலும் இடுப்பின் இரு பக்கத்திலும் திரவம் வழிந்து தேங்கும். தோல் இன்னும் மினுமினுப்பாக ஈரமாயிருக்கும்போதே, "துணியைப் போடுங்க, நேரமாச்சு" என்று குரல் வரும். ஸ்பிரிட் கலந்த மருந்து, முடியில்லாத தோலில் உலரக் குறைந்தது மூன்று நிமிடமாவது வேண்டும். முடி இருந்தால் இன்னும் வெகு நேரம். உலரும்போதுதான் அது வேலை செய்கிறது. அதைவிட, ஈரத்தின்மேல் மின்சாரக் கத்தியை வைத்தால் தீப்பிடிக்கும். நோயாளி மயக்கத்தில் கிடக்கிறார், அவரால் கத்த முடியாது. இதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு பதறுகிறது. பட்டியலில் அடுத்தடுத்து நோயாளிகள் காத்திருக்கும் நாளில் மூன்று நிமிடம் பெரிதாகத் தெரியும், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அந்த நேரத்தைச் சொல்லி நிறுத்தும் அதிகாரம் தாதிக்கு எழுத்தில் இருக்க வேண்டும்.

இன்னொன்று முடி வழிப்பது. தோட்டங்களிலிருந்து அறுவை முடிந்து திரும்புகிறவர்கள் புண் கசிந்தால் என்னிடம் காட்டுவார்கள். சிசேரியன் ஆன ஒரு பெண் லயத்திலிருந்து கணவனின் மோட்டார் சைக்கிளில் வந்தாள். தையலின் ஓரம் சிவந்து சீழ் கட்டியிருந்தது. அதன் கீழே வரிசையாக மெல்லிய கீறல்கள், பிளேடு போட்ட தடம். "ஆஸ்பத்திரியில கேவலமா நினைப்பாங்கன்னு முதநாள் ராத்திரி நானே வழிச்சிக்கிட்டேன் மிஸ்ஸி" என்றாள். அந்தக் கீறல்தான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அறுவைக்கு முன் சவரம் செய்யவே கூடாது, கட்டாயம் எடுக்க வேண்டுமானால் முடியைக் கத்தரிக்கும் கிளிப்பர் கருவியால் மட்டும் எடுக்க வேண்டும் என்பது உலக வழிகாட்டுதல். அவளிடம் யாரும் அதைச் சொல்லவில்லை. தேதி கொடுக்கும்போதே தமிழில் ஒரு தாள் கொடுத்தால் என்ன? "பிளேடு போடாதீர்கள், முதல் நாளோ அன்று காலையோ சோப்புப் போட்டுக் குளியுங்கள், மருந்து ஏதாவது ஒவ்வாதென்றால் சொல்லுங்கள்" என்ற மூன்று வரி போதும். குளோர்ஹெக்சிடின் ஒவ்வாமை அரிது. வந்தால் உயிருக்கே ஆபத்து. நோயாளிக்குப் புரியாத மொழியில் கேட்டுவிட்டுப் படிவத்தில் 'இல்லை' என்று குறித்தால் அது கேள்வியே இல்லை.

நம் மக்களுக்கு இது ஏன் கூடுதல் அவசரம் என்றால், இனிப்பு நீர் என்ற நீரிழிவு நோய். 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி நாட்டில் பெரியவர்களில் ஆறில் ஒருவருக்கு அந்நோய் இருக்கிறது. இந்தியர்களிடம் அது இன்னும் அதிகம். சர்க்கரை கூடிய உடம்பில் தொற்று சீக்கிரம் பிடிக்கும், மெதுவாக ஆறும். செம்பனைக் குலை வெட்டிக் கூலி வாங்கும் குடும்பத்தில் ஒருவர் மறுபடியும் படுத்தால் அடுப்பு எப்படி எரியும்?

மாவட்ட மருத்துவமனைகளில் இந்த இரண்டு வகை மருந்தும் இருக்கின்றனவா, உலரும் நேரம் அறுவைச் சரிபார்ப்புப் பட்டியலில் எழுதப்படுகிறதா, தமிழ்த் தாள் எப்போது வரும் என்ற மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் தாருங்கள். அந்தத் தாளைத் தமிழில் எழுதிக் கொடுக்க நான் ஊதியமின்றி வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறுவை அறைத் தாதி
சுங்கை சிப்புட், பேராக்