ஊக்கத்தொகைத் திட்டம் எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மனிதவளத் துறையில் இருப்பவர்களுக்கும், டார்கெட் நிர்ணயிக்கும் மேலாளர்களுக்கும்,

வணக்கம்.

அடுத்த ஆண்டுக்கான இன்சென்டிவ் திட்டத்தை எழுத உட்காரும் முன் இந்தக் கடிதத்தை நீங்கள் படிக்க வேண்டும். பதினொரு ஆண்டுகள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் வேலை பார்த்தேன். அதில் ஐந்து ஆண்டுகள் டீம் லீடராக இருந்தேன். அங்கே பார்த்ததை வைத்துத்தான் எழுதுகிறேன்.

ஒரு சமயம் எங்கள் நிர்வாகம், அழைப்புகளை ஆறு நிமிடத்துக்குள் முடிப்பவர்களுக்கு மாதாமாதம் போனஸ் என்று அறிவித்தது. வாடிக்கையாளர்கள் லைனில் காத்துக்கிடக்கும் நேரம் குறைய வேண்டும் என்பதுதான் நோக்கம். நல்ல நோக்கம். இரண்டே மாதத்தில் சராசரி நேரம் மளமளவென்று இறங்கியது, மேலிடத்தில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. கீழே நடந்தது என்னவென்றால், ஐந்தரை நிமிடம் தாண்டியதும் "பதிவு செய்துவிட்டேன், நாளைக்குச் சரியாகிவிடும்" என்று சொல்லி அழைப்பை முடித்துவிடுவார்கள். சிக்கலான பிரச்சினை என்று மோப்பம் பிடித்ததுமே வேறு பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். சிலர் லைன் தானாகக் கட்டானதுபோலத் துண்டித்ததும் உண்டு. அந்த வாடிக்கையாளர் மறுநாள் திரும்பவும் கூப்பிடுவார். அது புது அழைப்பாகக் கணக்கில் ஏறும்.

என் குழுவில் ஒரு பெண் இருந்தார். வயதானவர்கள் அழைத்தால் ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொடுப்பார். "இப்ப வருதாம்மா?" என்று கேட்டு, வருகிறது என்று சொன்ன பிறகுதான் போனை வைப்பார். அவரிடம் பேசியவர்கள் அதே பிரச்சினைக்குத் திரும்ப அழைத்தது அபூர்வம். அந்த ஆண்டு முழுக்க ஒரு மாத போனஸ்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. அப்ரைசலில் 'வேகம் போதாது' என்று எழுத வேண்டியிருந்தது. எழுதியவன் நான்தான். அந்த வரியை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

அழைப்பைத் துண்டித்த பிள்ளைகளும் கெட்டவர்கள் இல்லை. வாடகை, கடன் தவணை என்று போனஸை நம்பி மாதத்தை ஓட்டியவர்கள். நிர்வாகம் எதற்குக் காசு கொடுக்கிறது என்பதைச் சரியாகப் புரிந்துகொண்டு அதைச் செய்தார்கள். 'நல்ல சேவை' என்று சுவரில் போஸ்டர் ஒட்டியிருந்தோம். காசு கொடுத்ததோ கடிகாரத்துக்கு.

இது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயமும் இல்லை. ஒன்றை எதிர்பார்த்துக்கொண்டு வேறொன்றுக்குப் பரிசு கொடுக்கும் மடமையைப் பற்றி ஸ்டீவன் கெர் என்ற மேலாண்மைப் பேராசிரியர் 1975-லேயே ஒரு கட்டுரை எழுதினார். பல்கலைக்கழகங்கள் நன்றாகப் பாடம் நடத்துகிறவர்களை எதிர்பார்க்கின்றன, பதவி உயர்வை ஆய்வுக் கட்டுரைகளைப் பார்த்துக் கொடுக்கின்றன என்பது அவர் காட்டிய உதாரணங்களில் ஒன்று. அது வெளிவந்து அரை நூற்றாண்டு ஆகிறது.

அப்புறம், வெல்ஸ் ஃபார்கோ. அமெரிக்காவின் பெரிய வங்கிகளில் ஒன்று. ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் எட்டு சேவைகளை விற்க வேண்டும் என்பது அதன் இலக்கு. கிளை ஊழியர்கள் கழுத்தில் டார்கெட்டைக் கட்டிவிட்டார்கள். எட்டு சேவை எத்தனை பேருக்குத்தான் தேவைப்படும்? வாடிக்கையாளருக்குத் தெரியாமலே அவர் பெயரில் கணக்கும் கிரெடிட் கார்டும் திறக்கத் தொடங்கினார்கள். 2016 செப்டம்பரில் விவகாரம் வெடித்து, 18.5 கோடி டாலர் அபராதம் விழுந்தது. அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் சுமார் 5,300 ஊழியர்களை இதற்காக வேலையை விட்டு நீக்கியிருந்ததாக வங்கியே சொன்னது. அனுமதியில்லாமல் திறக்கப்பட்டிருக்கக்கூடிய கணக்குகள் 35 லட்சம் வரை இருக்கலாம் என்று மறு ஆண்டு தெரியவந்தது. 2020-ல் வழக்குகளை முடிக்க 300 கோடி டாலர் கட்டினார்கள்.

அந்த 5,300 என்ற எண்ணைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரே வங்கியில் ஐயாயிரம் மோசடிக்காரர்கள் தற்செயலாக வந்து சேருவார்களா? முதல் நூறு பேரை நீக்கியபோதே திட்டத்தைக் கையில் எடுத்துப் பார்த்திருக்க வேண்டாமா? ஆளை மாற்றினார்கள், டார்கெட்டை மாற்றவில்லை. புதிதாக வந்தவர்களும் அதையே செய்தார்கள்.

பணம் கொடுத்தால் வேலை நடக்காது என்று நான் சொல்லவில்லை. நன்றாகவே நடக்கும். கார் கண்ணாடி பொருத்தும் சேஃப்லைட் நிறுவனம் 1990-களின் நடுவில் மணிக்கணக்குச் சம்பளத்தை விட்டு, பொருத்தும் கண்ணாடிக்கு இவ்வளவு என்று மாற்றியது. எட்வர்ட் லேசியர் என்ற பொருளியலாளர் அதை ஆராய்ந்து 2000-ல் வெளியிட்டார். ஓர் ஊழியர் செய்யும் வேலையின் அளவு 44 சதவீதம் உயர்ந்திருந்தது. அதில் சுமார் பாதி, அதே ஆட்கள் கூடுதலாக உழைத்ததால் வந்தது. மீதி, திறமையானவர்கள் வந்து சேர்ந்து நிலைத்ததால் வந்தது. ஆனால் அங்கே வேலையைத் துல்லியமாக எண்ண முடியும். கண்ணாடி சரியாக உட்காரவில்லை என்றால் பொருத்தியவர் யார் என்று தெரியும், கூலி இல்லாமல் அவரே திரும்பப் பொருத்த வேண்டும். அவசரமும் அதன் விலையும் ஒரே ஆளிடம் வந்து சேர்ந்தன. எங்கள் திட்டத்தில் அவசரத்தின் விலையை வாடிக்கையாளர் கொடுத்தார்.

இன்னொன்று, விரும்பிச் செய்கிற வேலைக்கு முன்கூட்டியே விலை பேசினால் விருப்பமே வடிந்துபோகலாம். 1973-ல் மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் செய்த ஒரு சோதனை இதைக் காட்டியது. படம் வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று சொல்லி வரைய வைத்த குழந்தைகள், பிறகு விளையாட்டு நேரத்தில் தாமாக வரைவது குறைந்துபோனது. சொல்லாமல் கொள்ளாமல் அதே சான்றிதழைப் பெற்ற குழந்தைகளிடம் அந்தக் குறைவு இல்லை. என் குழுவில் இருந்த அந்தப் பெண், வயதானவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்ததும் இந்த வகை வேலைதான். அதற்கு ரேட் போட முடியாது. பார்த்தோம், நன்றாகச் செய்தீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைக்கூட நாங்கள் செய்யவில்லை.

ஒரு பல்கலைக்கழகத்துக்காகத் தொலைபேசியில் நன்கொடை கேட்கும் ஊழியர்களை வைத்து ஆடம் கிராண்ட் குழுவினர் செய்த ஆய்வு 2007-ல் வந்தது. அந்த நன்கொடையால் உதவித்தொகை பெற்ற ஒரு மாணவரை அந்த ஊழியர்கள் சில நிமிடங்கள் சந்தித்துப் பேசினார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், போனில் செலவிடும் நேரமும் திரட்டிய தொகையும் இரண்டு மடங்குக்கு மேல் கூடியிருந்தன. போனஸ் ஏதும் கூட்டவில்லை. தம் உழைப்பு யாரிடம் போய்ச் சேர்கிறது என்பதை நேரில் பார்த்தார்கள்.

சரி, நான் கேட்பது என்ன? முதலில் சம்பளத்தை நியாயமாகக் கொடுங்கள். வாடகைக்கே போனஸை நம்ப வேண்டிய நிலையில் யாரையும் வைக்காதீர்கள். அந்த நிலையில் இருப்பவரிடம் நேர்மையைப் பற்றி வகுப்பெடுப்பது அநியாயம். அடுத்து, திட்டத்தை அறிவிக்கும் முன் அந்த வேலையைச் செய்கிற மூன்று பேரைக் கூப்பிட்டு, "இதில் அதிகப் பணம் வாங்க என்னென்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். எங்கே ஓட்டை என்று பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். எங்களை யாராவது கேட்டிருந்தால், திரும்ப வரும் அழைப்பையும் கணக்கில் சேருங்கள் என்று முதல் நாளே சொல்லியிருப்போம்.

முடிந்தால் ஒரு நாள் நீங்களே ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அந்த நாற்காலியில் உட்காருங்கள். ஐந்தரை நிமிடத்தில் திரை சிவப்பாக மாறும். அப்போது எதிர்முனையில் ஒரு பெரியவர், "இருப்பா, பேனா எடுத்துட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் டீம் லீடர்