ரெக்கார்ட் போடுவதற்கு முன்னால்

அன்பு மகளுக்கு,

மரியாடிபி டேட்டாபேஸில் ஒரு பிழைத் திருத்தத்தைச் சோதிக்க நீ எழுதி அனுப்பிய டெஸ்ட் கோப்பு வந்து சேர்ந்தது. வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகப் பதில் போட்டால் பாதியை நீ படிக்கமாட்டாய், மீதிக்குக் கட்டை விரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். அதனால் உட்கார்ந்து முழுசாகவே எழுதுகிறேன். சுங்கை சிப்புட்டில் இந்த வாரம் மத்தியானம் ஆனால் மழைதான். துணி காயப்போடும் வேலைகூட இல்லை.

நீ விட்டுப்போன பழைய லேப்டாப்பில் மரியாடிபியின் சோர்ஸை (மூல நிரலை) இறக்கி, ஓடும் சர்வராக பில்ட் போட்டேன். ராத்திரி முழுக்க ஓடியது. அந்த விசிறிச் சத்தத்தைக் கேட்டுவிட்டு "வெடிச்சிடப் போகுது, ஆஃப் பண்ணு" என்று அப்பா எழுந்து எழுந்து வந்தார். காலையில், அதன் டெஸ்ட்களை ஓட்டும் கருவியான எம்டிஆரில் உன் டெஸ்டைத் தனியாக ஓட்டினேன், பாஸ். சரி என்று, திரும்பத் திரும்ப ஓட்டுகிற ரிப்பீட்டும் பலதை ஒன்றாக ஓட்டுகிற பேரலலும் சேர்த்துப் போட்டு மெஷினைக் கொஞ்சம் திணறவிட்டேன். காப்பி குடித்துவிட்டு வருவதற்குள் விழுந்து கிடந்தது.

விழுந்ததில் ஒன்றுமில்லை, டெஸ்ட் என்றால் விழத்தான் செய்யும். ஆனால் சரியான விடையை வைக்கிற உன் ரிசல்ட் கோப்பில் நீ செய்த மாற்றங்களின் பதிவுகளைப் பார்த்தேன். விழுந்த ஒவ்வொரு தடவையும் ரெக்கார்ட் போட்டு, வந்ததை அப்படியே சரியான விடையாக்கி வைத்திருக்கிறாய். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

எம்டிஆர் செய்வது என்ன? உனக்கென்று ஒரு சர்வரைக் கிளப்பி, டெஸ்ட் கோப்பில் இருக்கிற எஸ்க்யூஎல் கட்டளைகளை வரிசையாக ஓட்டி, வந்த பதிலை ரிசல்ட் கோப்போடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறது. மாறியிருந்தால் வித்தியாசத்தைக் காட்டி, வந்த பதிலை ரிஜெக்ட் கோப்பில் போடுகிறது. அவ்வளவுதான். எது நியாயமான பதில் என்று அதற்குத் தெரியாது. ரெக்கார்ட் போட்டால் சர்வர் சொன்னதுதான் வேதம். அதில் பிழை இருந்தால், நாளைக்கு யாராவது அந்தப் பிழையைத் திருத்தும்போது உன் டெஸ்ட் அவர்களைப் பார்த்து "நீ கெடுத்துவிட்டாய்" என்று சொல்லும்.

உன் தாத்தா தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கெழுதுபவராக, இருந்தவர். விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் ஆளை நேரில் பார்த்தால்தான் செக்ரோல் என்கிற வருகை ஏட்டில் குறிப்பார். நேற்றைய ஏட்டைப் பார்த்து இன்றைக்கு எழுதுகிற பழக்கம் அவரிடம் கிடையாது. அவர் பேத்தி ரெக்கார்ட் போட்டுக்கொண்டு திரிகிறாள்.

இனி இப்படிச் செய். டேபிளைச் சின்னதாக வை. ஓட்டுவதற்கு முன் என்ன பதில் வரவேண்டும் என்று நீயே காகிதத்தில் எழுது. அப்புறம் ரெக்கார்ட் போடு, போட்டபின் ரிசல்ட் கோப்பை வரிவரியாகப் படித்துக் காகிதத்தோடு ஒப்பிடு. அதற்கடுத்து, யாரும் சோம்பல்படுகிற வேலை ஒன்று இருக்கிறது: திருத்தம் போடாத பழைய சர்வரில் அதே டெஸ்டை ஓட்ட வேண்டும். அங்கே விழ வேண்டும். உன்னுடையதை அப்படி ஓட்டினேன். பாப்பா, அங்கேயும் பாஸ்!

காரணம் தேடினேன். நீ சோதிக்கிற பிழை, டேபிளில் வேகமாகத் தேட வைக்கிற இன்டெக்ஸ் வழியாக ‘நல்’ என்கிற வெற்று மதிப்பைத் தேடும்போது வருவது. நீ டேபிளில் போட்டிருப்பது மூன்றே ரோ (வரிசை). அந்த மூன்றுக்கு இன்டெக்ஸ் எதற்கு என்று, எந்த வழியில் தேடுவதென்று முடிவு செய்கிற ஆப்டிமைசர் முழு டேபிளையும் படித்துவிட்டுப் போய்விட்டது. பிழை இருக்கிற பக்கமே உன் டெஸ்ட் எட்டிப் பார்க்கவில்லை. இன்டெக்ஸைக் கட்டாயப்படுத்துகிற ஃபோர்ஸ் இன்டெக்ஸ் போடு, இல்லையென்றால் தொடர் எண்களைத் தருகிற சீக்வென்ஸ் இன்ஜினிலிருந்து ஆயிரம் ரோவை ஒரே வரியில் நிரப்பு. எக்ஸ்பிளெய்ன் கட்டளையையும் சேர்த்து வை, எந்த வழியில் போனது என்று தெரியட்டும். ஆனால் அதில், டேபிளைச் சேமித்து வைக்கிற இன்னோடிபி இன்ஜின் காட்டுகிற ரோ எண்ணிக்கை உத்தேசக் கணக்கு, மெஷினுக்கு மெஷின் மாறும். அந்த நெடுவரிசையை மட்டும் ‘ரீப்ளேஸ் காலம்’ என்கிற எம்டிஆர் கட்டளை போட்டு மறைத்துவிடு.

வரிசையைச் சொல்கிற ஆர்டர் பை இல்லாத செலக்ட் நிறைய இருக்கிறது. ஆப்டிமைசர் வேறு இன்டெக்ஸைப் பிடித்தால் வரிசை மாறும். அதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. செலக்டுக்கு மேலே, பதிலை அடுக்கிக் கொடுக்கிற சார்ட்டட் ரிசல்ட் போட்டால் போதும். ஆர்டர் பையையே சோதிக்கிற இடத்தில் மட்டும் அதைப் போட்டுவிடாதே. சர்வர் தப்பான வரிசையில் கொடுத்தாலும் அது அடுக்கிக் கொடுத்து, திருட்டை மூடி மறைத்துவிடும்.

இரண்டாவது பாதியில், ஒரு கனெக்‌ஷன் லாக் வைத்திருக்க இன்னொன்று காத்திருக்கும் இடத்தில், ஸ்லீப் போட்டிருக்கிறாய். என் லேப்டாப்பில் விழுந்தது அங்கேதான். உன் ஆபீஸ் மெஷினுக்கு அந்த நேரம் தாராளம். பத்து டெஸ்ட் ஒன்றாக ஓடும் கிழட்டு மெஷினுக்குப் பத்தாது. நேரத்தைக் கூட்டினால் எல்லாருடைய ஓட்டமும் மெதுவாகும், பிரச்சினையும் தீராது. காத்திருக்கும் கட்டளையை, பதிலுக்கு நிற்காமல் அனுப்புகிற ‘சென்ட்’ போட்டு அனுப்பு. முதல் கனெக்‌ஷனில் வெயிட் கண்டிஷன் வைத்து, இன்னோடிபி டிரான்சாக்‌ஷன் பட்டியலில் லாக் வெயிட் என்று தெரிகிறவரை பார்த்துக்கொண்டிரு. தெரிந்ததும் கமிட் பண்ணி, மற்றதில் ‘ரீப்’ கட்டளை போட்டுப் பதிலை வாங்கு. நியாயமாகப் பார்த்தால் இந்தப் பாதி தனிக் கோப்பாக இருக்க வேண்டியது.

கடைசியில் டேபிளை டிராப் பண்ணு, குளோபல் செட்டிங்கை மாற்றியிருந்தால் பழையபடி வை. டெஸ்டுக்கு முன்னும் பின்னும் சர்வர் நிலையை எம்டிஆர் ஒப்பிடும், குப்பையை விட்டுப்போனால் காட்டிக்கொடுக்கும். எரர் லாகில் வார்னிங் வந்தாலும் விடாது. நீ எதிர்பார்த்த வார்னிங் என்றால் பொருட்படுத்த வேண்டாதவற்றைச் சொல்கிற சப்ரெஷனில் அந்த ஒன்றை மட்டும் எழுது, எல்லாவற்றையும் அடைக்காதே.

போஸ்ட்கிரஸ் என்கிற இன்னொரு டேட்டாபேஸ்காரர்கள் ஒரே டெஸ்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடைக் கோப்பு வைத்துக்கொள்ளலாம், எதோடு ஒத்துப்போனாலும் பாஸ். மெஷினின் மொழி, வட்டார அமைப்பு (லொக்கேல்) வித்தியாசத்துக்கு அது வசதிதான். எனக்கென்னவோ அது கொஞ்சம் சலுகை அதிகமாகத் தெரிகிறது.

மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸை எழுதியவர்களில் ஒருவரான விடேனியஸ், மூத்த மகள் மை பெயரை அதற்கு வைத்தார், அதிலிருந்து பிரிந்த மரியாடிபிக்கு இளைய மகள் மரியாவின் பெயர். உன் பெயரில் என்னிடம் இருப்பது இந்தப் பழைய லேப்டாப் மட்டும்தான், அதையும் அப்பா விற்கச் சொல்கிறார்.

திருத்தியதை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பு, பழைய பில்ட், புது பில்ட் இரண்டிலும் ஓட்டிச் சொல்கிறேன். தீபாவளிக்கு லீவு எழுதிக் கொடுத்தாயா? மெல்பர்ன் டிக்கெட் விலை ஏறுவதற்குள் போட்டுவிடு. ஈப்போவுக்கு வந்து உன்னை ஏற்றிக்கொள்கிறோம்.

அம்மா