ரோட்டுல ரேஸ் விடற பசங்களுக்கு மண்ணு டிராக்கைக் காட்டுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஈசிஆர்ல பைக் ரேஸ் விட்ட பசங்களைப் பிடிச்சாங்க, வண்டியைப் பறிமுதல் பண்ணாங்கன்னு பேப்பர்ல அடிக்கடி செய்தி வருது. படிக்கிறப்ப எல்லாம் மனசுக்குக் கஷ்டமா இருக்கும். வேகப் பைத்தியம்னு சொல்லி முடிச்சிடறோம், ஆனா அந்தப் பசங்கள்ல பாதிப் பேருக்கு வண்டியைத் தன் கைக்குள்ள வச்சு ஓட்டிக் காட்டணும், பக்கத்துல வர்றவனை முந்தணும், அவ்ளோதான் ஆசை. அது மணிக்கு முப்பது நாப்பது கிலோமீட்டர்லயே கிடைக்கற இடம் ஒண்ணு இருக்கு, அதைப் பத்தித்தான் எழுதறேன்.

எனக்கு ஊரு பொள்ளாச்சி பக்கம், இப்ப அமெரிக்காவுல இண்டியானாவுல வேலை. இங்க ஹேர் ஸ்க்ராம்பிள்னு ஒரு பைக் ரேஸ் இருக்கு, இப்ப நானும் அதுல ஓட்டிட்டிருக்கேன். பெரும்பாலும் காட்டுப் பாதைதான், ஆனா நான் ஓட்டற பல இடத்துல மோட்டோகிராஸ் டிராக்கையும் (மேடு பள்ளமும் ஜம்ப்பும் போட்ட மண்ணு டிராக்) காட்டையும் சேத்து ஒரே சுத்தா போட்டுருப்பாங்க, குறிச்ச நேரம் முடியற வரைக்கும் சுத்திட்டே இருக்கணும். இதோட பெரிய வடிவம்தான் ஜிஎன்சிசி (கிராண்ட் நேஷனல் க்ராஸ் கன்ட்ரி), 1970கள்ல மேற்கு வர்ஜினியாவுல டேவிஸ்ங்கற சின்ன ஊர்ல நடந்த பிளாக்வாட்டர் 100 ரேஸ்ல இருந்து வளந்த சீரிஸ். ஒரு சுத்து 13ல இருந்து 19 கிலோமீட்டர் வரைக்கும் இருக்கும், ப்ரோ ரைடருங்க மதியம் 3 மணி நேரம் ஓட்டுவாங்க, நம்மள மாதிரி ஆளுங்களுக்குக் காலையில 2 மணி நேர ரேஸ். உள்ளூர் ரேஸ்ல அதை விடக் கம்மி. என் வீட்டுல இருந்து போற தூரத்துல க்ராஃபர்ட்ஸ்வில்ல அயன்மேன்னு ஒரு இடம் இருக்கு, தேசிய அளவு மோட்டோகிராஸும் அங்கதான், ஜிஎன்சிசியும் அங்கதான்.

இந்தக் கலவைதான் இதோட அழகே. டிராக்குல இடம் அகலம், வண்டி தாவும், டேபிள்டாப்னு சொல்ற, மேல மேஜை மாதிரி தட்டையா இருக்கற ஜம்ப்புல ஏறி இறங்கறப்ப சஸ்பென்ஷன் கெட்டியா இருக்கணும், முழங்கையை மேல தூக்கி வச்சுத் தூரத்தைப் பாத்து ஓட்டணும். அதே மூச்சுல அம்பு காட்டற பக்கம் திரும்பினா காடு. வெயில்ல இருந்து சட்டுன்னு நிழலுக்குள்ள போறதால முதல் சில நொடி கண்ணு பழகாது, அந்த நேரத்துல தான் முதல் மரம் வரும். ஹேண்டில்பார் போற அளவுக்குத்தான் ரெண்டு மரத்துக்கு நடுவுல இடம். ஈரமான வேர் குறுக்க கிடந்தா அதைச் சாய்வா ஏறினீங்கன்னா முன் வீல் வேரு மேலயே வழுக்கிட்டு ஓடிடும், நேரா செங்குத்தா பிடிக்கணும், ஏறறதுக்கு முன்னாடியே பிரேக்கை விட்டுடணும், ஒத்தை விரலால கிளட்ச்சை லேசா விட்டு லேசா பிடிச்சு இன்ஜின் ஆஃப் ஆகாம உருட்டணும். வேகத்தை வச்சு இங்க ஒண்ணும் கிழிக்க முடியாது. என்னை விடப் பெரிய வண்டி வச்சிருந்த ஆளுங்க டிராக்குல பறந்துட்டுப் போயி காட்டுக்குள்ள சேத்துல மாட்டி நின்னதை நிறையப் பாத்திருக்கேன், அறுபது வயசுக்காரர் ஒருத்தர் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டியில அலட்டிக்காம எல்லாரையும் தாண்டிப் போவார்.

வண்டி செட்டிங்கும் அப்படித்தான், ரெண்டு பக்கமும் விட்டுக்கொடுக்கணும். மோட்டோகிராஸ் வண்டியை அப்படியே எடுத்துட்டு வந்தா காட்டுல வேருக்கு வேரு கையில அடி விழும், முன்கை இறுகிப்போயி கடைசியில பிரேக் பிடிக்கவே விரல் வராது. அதனால முன் ஃபோர்க்குல (முன் வீலைப் பிடிச்சிருக்கற சஸ்பென்ஷன்) அது எவ்ளோ கெட்டியா அமுங்கணும்னு வைக்கற கம்ப்ரஷன் ஸ்க்ரூவை ரெண்டு மூணு கிளிக் தளத்தி விடுவோம், டயர்ல காத்தைக் குறைப்போம், மரத்துல இடிச்சா விரல் தப்பிக்க அலுமினியம் ஹேண்ட்கார்டு போடுவோம். பின் வீல் 19 இன்ச்சுக்குப் பதிலா 18 போட்டா டயர் சுவர் உயரமா இருக்கும், கல்லு வேரு அடியை அதுவே வாங்கிக்கும்.

ஸ்டார்ட்டைப் பாத்தீங்கன்னா சிலிர்த்துடும். ஜிஎன்சிசி மாதிரி ரேஸ்ல எல்லா இன்ஜினும் ஆஃப், ஒரு வரிசை முழுக்க சத்தமே இல்லாம நிக்கும், கொடி அசைஞ்சதும்தான் ஸ்டார்ட் பண்ணிக் கிளம்பணும். அந்த வரிசை போனப்புறம் கொஞ்சம் இடைவெளி விட்டு அடுத்த வரிசை. வயசுக்கும் திறமைக்கும் தகுந்த மாதிரி பிரிவு இருக்கறதால முதல் தடவை வர்ற ஆளு ப்ரோ ரைடரோட மோத வேண்டியதில்ல. பொண்ணுங்களுக்குத் தனி பிரிவு, சின்னப் பசங்களுக்கு 50 சிசி. அடி படாதான்னு கேப்பீங்க, படும், காலர் எலும்பு உடையறது இந்த ரேஸ்ல சகஜம், பூட்ஸ், முட்டி கார்டு, செஸ்ட் கார்டு இல்லாம யாரும் இதுல இறங்கவே கூடாது. ஆனா எதிர்ல லாரி வராது, ரோட்டைக் கடக்கற பாட்டி கிடையாது, ஆம்புலன்ஸ் பக்கத்துலயே நிக்குது.

நம்ம பக்கம் ஆளு இல்லைன்னு யாரும் சொல்ல முடியாது. பொள்ளாச்சியில இருந்து அதிக தூரம் இல்லாத ஷொர்ணூர்க்காரர் ஹரித் நோவா, பல தடவை தேசிய சூப்பர்கிராஸ் (சின்ன இடத்துல ஜம்ப் நெருக்கமா போட்ட மண்ணு டிராக் ரேஸ்) சாம்பியன், பாலைவனத்துல நாள்கணக்கா ஓடற டக்கார் ராலியில 2024ல ராலி 2ங்கற, முதல் நிலைக்கு அடுத்த பிரிவுல முதல் இடம், மொத்தத்துல 11வது. பெங்களூரு ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019ல பாஜாங்கற கரடுமுரடான பாதை ராலிகளுக்கான உலகக் கோப்பையில பெண்கள் பிரிவுல ஜெயிச்சாங்க. ரெண்டு பேரும் ஓசூர் டிவிஎஸ் ரேஸிங் டீம்ல ஓட்டினவங்க. கோவையிலயும் தேசிய சூப்பர்கிராஸ் ரவுண்டு நடந்திருக்கு. இருந்தும் சாதாரணப் பையன் ஒருத்தன் தன் வண்டியை எடுத்துட்டுப் போயி பேர் கொடுத்து ஓட்டிப் பாக்க ஊருக்குப் பக்கத்துல இடம் வேணுமே, அதுதான் நம்மகிட்ட பத்தல. ஹீரோ எக்ஸ்பல்ஸ் மாதிரி 200 சிசி வண்டி 2019ல இருந்தே கிடைக்குது, ரேஸ் டர்ட் பைக் நூறு நூத்திப்பத்து கிலோன்னா இது 150க்கு மேல, ஜம்ப்புக்கு லாயக்கில்ல, ஆனா காட்டுப் பாதை பழக தாராளமா போதும்.

காடுன்னதும் ரிசர்வ் ஃபாரஸ்ட் ஞாபகம் வரும், அங்க ஒரு டயர் கூடப் போகக்கூடாது, அதுல எனக்கு ரெண்டாவது பேச்சே இல்ல. இங்கயும் உள்ளூர் ரேஸ் நிறைய விவசாயிங்களோட சொந்த நிலத்துலதான் நடக்குது, வாடகை அவங்களுக்கு, பக்கத்து ஊர்க்காரங்க சாப்பாட்டுக் கடை போட்டு நாலு காசு பாக்கறாங்க. நம்ம கொங்குப் பக்கம் தண்ணி இல்லாம பட்டுப்போன தென்னந்தோப்பும், வருஷக்கணக்கா உழாத தரிசும் எவ்ளோ கிடக்கு. மரத்துக்கு மரம் நெளிஞ்சு போற பாதை, வரப்பு, காஞ்ச வாய்க்கால், ஒரு ஓரத்துல நாலு மண்ணு ஜம்ப், இதுக்கு மேல என்ன வேணும்? கிளப்காரங்க நிலத்துக்காரர்கிட்ட எழுதி வாங்கி, போலீஸ்கிட்ட சொல்லி, முறையா இன்சூரன்ஸ் போட்டு ஞாயித்துக்கிழமை காலையில நடத்தலாம்.

உங்ககிட்ட நான் கேக்கறது ஒண்ணுதான். அடுத்த தடவை தமிழ்நாட்டுல எங்கயாவது டர்ட் ரேஸ் நடந்தா ஜெயிச்சவன் பேரை மட்டும் மூணு வரியில போட்டு விட்டுடாதீங்க, ஒரு வாரம் முன்னாடியே எங்க நடக்குது, என்னென்ன பிரிவு, ரேஸ் லைசென்ஸ் எங்க வாங்கணும், என்ட்ரி ஃபீஸ் எவ்ளோ, புதுசா வர்றவன் யாரைப் போய்ப் பாக்கணும்னு எல்லாம் போடுங்க. முடிஞ்சா ரேஸ் விட்ட பசங்களைப் பிடிச்ச செய்தி வர்ற அதே பக்கத்துலயே போடுங்க.

இப்படிக்கு,
பொள்ளாச்சி வாசகர் ஒருவர்,
இண்டியானா, அமெரிக்கா.