இரண்டு 'தொ': தமிழ்க் களஞ்சியங்களைப் பேணுவோருக்கு ஒரு திறந்த மடல்

மென்பொருள் தமிழாக்கங்களையும் சொற்பட்டியல்களையும் மின்னூல்களையும் கிட் (கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்து பேணும் மென்பொருள்) களஞ்சியங்களில் பேணிவரும் நண்பர்களுக்கு, வணக்கம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு தமிழாக்கக் கோப்புக்கு வந்த திருத்தத்தைச் சரிபார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஒரு சொல்லில் விடுபட்ட ஒற்றைச் சேர்த்திருப்பதாகப் பங்களிப்பாளர் குறிப்பெழுதியிருந்தார். பழைய வரிகளுக்கும் புதிய வரிகளுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டும் டிஃப் எடுத்துப் பார்த்தால், கோப்பின் பெரும்பகுதி சிவப்பும் பச்சையுமாக நின்றது. நீக்கப்பட்ட வரியையும் சேர்க்கப்பட்ட வரியையும் மேலும் கீழுமாக வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தேன். வேறுபாடு எதுவும் தென்படவில்லை. உண்மையில் திருத்தப்பட்ட அந்த ஓர் ஒற்றைக் கண்டுபிடிப்பதற்குள் மாலைப்பொழுது முழுவதும் போய்விட்டது.

கண்ணுக்குத் தெரியாத அந்த வேறுபாடு குறியீட்டில் இருந்தது. 'தொகுப்பு' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதலெழுத்தில் தகரத்தை அடுத்து ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் இடலாம், ஒற்றைக்கொம்பையும் துணைக்காலையும் தனித்தனிக் குறியீடுகளாகவும் இடலாம். திரையில் இரண்டும் 'தொ' என்றே தெரியும். யுனிகோட் எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையிலான கோப்பிலோ முன்னது 6 பைட், பின்னது 9 பைட். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று நிகரானவை என்பது யுனிகோட் தரத்தின் விதி. கிட் அந்த விதியைப் பார்ப்பதில்லை. வரிகளைப் பைட் பைட்டாகவே ஒப்பிடுகிறது. இதை நான் கிட்டின் குறையாகக் கருதவில்லை. பைட் மாறியிருந்தால் மாறியிருக்கிறது என்று சொல்வதே அதன் வேலை; எழுத்தை ஒழுங்குபடுத்திக் கொடுக்க வேண்டியவர்கள் நாம்தான்.

ஆகவே, உங்கள் களஞ்சியத்திலுள்ள தமிழ்க் கோப்புகள் அனைத்தையும் ஒருமுறை, இத்தகைய குறிகளை ஒரே குறியீடாகச் சேர்த்து எழுதும் என்எஃப்சி என்ற யுனிகோட் வடிவுக்கு மாற்றுமாறும், அந்த மாற்றத்தை வேறெந்தத் திருத்தமும் கலக்காத தனிக் கமிட்டாக (களஞ்சியத்தில் ஒருசேரப் பதியும் மாற்றமாக) இடுமாறும் கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு வரியையும் கடைசியாகத் தொட்டவர் யார் என்று காட்டும் பிளேம் கட்டளை அதன்பின் எல்லா வரிகளுக்கும் உங்கள் பெயரையே காட்டும் என்று தயங்க வேண்டியதில்லை. குறிப்பிட்ட கமிட்டுகளைக் கணக்கில் எடுக்காமல் விடும் வசதி 2019-இல் வெளியான கிட் 2.23 முதலே இருக்கிறது. இனிமேல் வரும் கோப்புகளைக் கமிட்டுக்கு முன் தானாக ஓடும் ஹூக் என்னும் ஒரு சிறு நிரல் பார்த்துக்கொள்ளும்.

என்எஃப்சி சரிசெய்யாத பிழையும் ஒன்றுண்டு. 'கௌரவம்' என்று எழுத வேண்டிய இடத்தில் ஒற்றைக்கொம்பையும் ளகரத்தையும் சேர்த்துக் 'கெளரவம்' என்று தட்டச்சிடுவோர் ஏராளம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றினாலும், இது குறியீட்டு வேறுபாடன்று, எழுத்துப்பிழையே. இத்தகைய திருத்தம் வரும்போது, 'பார்வைக்கு ஒன்றுபோல்தானே இருக்கிறது' என்று புறந்தள்ளிவிடாதீர்கள். 'கௌரவம்' என்று தேடுபவருக்கு அந்தப் பிழையான சொல் அகப்படவே அகப்படாது.

திருத்தங்களைப் பார்வையிடும்போது வரிவாரியான ஒப்பீட்டோடு நின்றுவிடாமல், சொல்வாரியாகக் காட்டும் வேர்ட்-டிஃப் வசதியையும் பயன்படுத்துங்கள். ஒரு பத்தி முழுவதும் ஒரே வரியாக இருக்கும் மின்னூல் கோப்புகளில், மாறிய சொல்லை வேறெப்படியும் விரைவாகக் காண முடியாது. எழுத்துவாரி ஒப்பீடு தமிழுக்கு ஒத்துவராது என்பது என் அனுபவம்: அது உயிர்க்குறியை மெய்யிலிருந்து பிரித்துப் புள்ளிவட்டத்தோடு நிறுத்திவிடுகிறது.

நான் பயன்படுத்திவரும் ஹூக் சில வரிகள் கொண்ட பைத்தான் நிரல்தான். வேண்டுவோர் கேட்டால், உங்கள் களஞ்சியத்துக்கு ஏற்றபடி அமைத்து நானே அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
ஒரு பங்களிப்பாளர்